ஒரே மாத்திரை, நாலு கோளாறு: தூக்கம் கெடுவதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

“அண்ணாச்சி, ராத்திரி தூக்கமே இல்ல, ஏதாவது குடுங்க.” நெல்லைச் சீமையின் எந்த ஊர் மருந்துக் கடையிலும் பொழுது சாய்ந்த பிறகு கேட்கிற பேச்சு இது. கேட்பவர் கயத்தாறு வழியாக ராத்திரி லாரி ஓட்டுகிறவராக இருக்கலாம். முக்கூடலில் நாள் முழுக்க உட்கார்ந்து பீடி சுற்றுகிற பெண்ணாக இருக்கலாம். கூடங்குளத்தில் ஷிப்டு மாறி மாறிப் பார்க்கிறவராகவோ, எட்டரை மணிக்கே படுத்துவிட்டு இரண்டரைக்கு விழித்துக்கொள்ளும் ஆச்சியாகவோ இருக்கலாம். லாரிக்காரருக்குக் கெட்டிருப்பது மூச்சு. பீடி சுற்றுகிறவருக்குப் பெரும்பாலும் இரும்புச்சத்து. ஷிப்டுக்காரருக்கு உடலின் கடிகாரம். ஆச்சிக்குப் பல நேரம் ஒரு நோயும் கிடையாது.

ஆனால் நாலு பேர் கைக்கும் வந்து சேர்வது ஒரே மாத்திரைதான்: அல்ப்ரசோலம், கால் மில்லிகிராம் அல்லது அரை மில்லிகிராம். அல்ப்ரசோலம், டயசெபம், சோல்பிடெம் எல்லாம் எச்1 பட்டியல் மருந்துகள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2014 மார்ச் முதல் சட்டம் அப்படி இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், இந்த மாத்திரை நாலு பேரில் ஒருவருக்கு நேரடியாகவே ஆபத்து. அவரிடமிருந்தே தொடங்கலாம்.

மூச்சு நிற்கிற குறட்டை

“நல்லா அசந்து தூங்குதாரு” என்று குறட்டை விடுகிறவரைப் பார்த்துச் சொல்வார்கள். உண்மையில் அந்த வீட்டில் மோசமாகத் தூங்குகிற ஆள் அவராகவே இருக்கக்கூடும்.

நாக்குக்குப் பின்னால் தொண்டை வெறும் தசைக்குழாய். அதைத் தாங்க எலும்பு கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள் அதை விரித்துப் பிடித்திருக்கும்; தூங்கியதும் தளர்ந்துவிடும். மல்லாந்து படுத்தால் நாக்கும் பின்னால் சரியும். மூச்சை உள்ளே இழுக்கிற விசையில் குழாய் பாதி ஒடுங்கினால் அதன் சுவர் அதிரும். அந்த அதிர்வுதான் குறட்டை. முழுக்க ஒட்டிக்கொண்டால் சத்தமே நின்றுபோகும். பக்கத்தில் படுத்திருப்பவர் ‘அப்பாடா, நிறுத்திட்டாரு’ என்று நினைக்கிற அந்த நேரம்தான் மோசமானது. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கும், காற்று மட்டும் போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், ரத்த அழுத்தம் எகிறும். கடைசியில் மூளை அரைகுறையாக விழித்து, ஒரு செருமலோடு தொண்டையைத் திறந்துவிடும். தூங்குகிறவருக்கு இதில் ஒன்றும் நினைவிருக்காது.

காற்று 10 வினாடிக்குக் குறையாமல் நின்றால் அது ஒரு தடை. காற்று ஓட்டம் பெருமளவு குறைந்து ஆக்சிஜன் இறங்குவதையும் சேர்த்து, மணிக்கு 5 முதல் 15 தடை வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை என்று கணக்கு. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கழுத்தை நெரித்து விடுவது போல. ராத்திரி முழுக்க.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்திய ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட கணக்கின்படி, நாட்டில் வயது வந்தோரில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறு உண்டு: ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5 சதவீதம். தலைக்கணக்கில் பத்துக் கோடிக்கு மேல். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

யாருக்குச் சந்தேகப்பட வேண்டும்? உலகமெங்கும் மருத்துவர்கள் கேட்கும் எட்டுக் கேள்விகள் உண்டு. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்குக் குறட்டையா? பகலில் அசதியா? மூச்சு நின்றதை யாராவது பார்த்தார்களா? ரத்த அழுத்தம் இருக்கிறதா? உடல் எடைக் குறியீடு 35-க்கு மேலா? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேலா? ஆணா? மூன்றுக்கு ‘ஆம்’ வந்தால் பரிசோதிக்கலாம்; ஐந்துக்கு வந்தால் தள்ளிப்போடக் கூடாது. கழுத்தளவைத் தையல்காரர் நாடாவில், குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே வைத்துப் பாருங்கள். எடைக் கேள்வியை மட்டும் நம் ஊரில் அப்படியே நம்ப வேண்டாம். தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால் ஒல்லியான ஆளுக்கும் தொண்டை அடைக்கும்; ஆசியர்களிடம் இது சாதாரணம்.

பட்டியலில் இல்லாத ஒரு தடயம், ராத்திரி இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுவது. ‘சுகர் இருக்கு, அதான்’ என்று அதோடு விட்டுவிடுகிறார்கள். அடைத்த தொண்டைக்கு எதிராக மூச்சிழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோன் அங்கிருந்து சுரக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் எழுந்துகொண்டே இருந்தால் மூச்சைச் சந்தேகிக்க வேண்டும். பெண்களிடம், அதுவும் மாதவிலக்கு நின்ற பிறகு, இந்தக் கோளாறு குறட்டையாக முன்னால் வராமல் காலைத் தலைவலியாகவும் தூக்கமின்மையாகவும் வரும். அவர்களுக்குத்தான் தூக்க மாத்திரை சுலபமாக எழுதப்படுகிறது.

அல்ப்ரசோலம் இங்கே என்ன செய்யும்? தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும்; மூச்சைத் திறந்துவிட வேண்டிய அந்த அரைகுறை விழிப்பைத் தாமதப்படுத்தும். நின்ற மூச்சு இன்னும் நீளமாக நிற்கும். படுக்கப் போகுமுன் குடிக்கும் மதுவுக்கும் இதே வேலைதான். ஆள் அசையாமல் கிடப்பதைப் பார்த்து வீட்டில் திருப்திப்படுவார்கள்.

பரிசோதனை இரண்டு வகை. வீட்டிலேயே செய்வதில் மூக்கருகே ஒரு குழல், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். ஒரு ராத்திரி போதும். ஆய்வகத்தில் செய்வதில் மூளை அலை, கண் அசைவு, தாடைத் தசை, கால் அசைவு எல்லாம் சேரும். வீட்டுப் பரிசோதனையில் ஒரு குறை உண்டு. அது மூளை அலையைப் பார்க்காததால், கருவி ஓடிய நேரத்தால் தடைகளை வகுக்கிறது. எட்டு மணி நேரம் மாட்டிவிட்டு ஐந்து மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால் எண் குறைத்துக் காட்டும். அறிகுறி பலமாக இருந்து வீட்டுப் பரிசோதனை ‘ஒன்றுமில்லை’ என்றால் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். 2024-ல் சில கைக்கடிகாரங்களின் மூச்சுத்தடை எச்சரிக்கைக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. கடிகாரம் எச்சரித்தால் மருத்துவரிடம் போகலாம். எச்சரிக்கவில்லை என்பதால் போகாமல் இருக்கக் கூடாது.

சிகிச்சையின் அடித்தளம் இன்றும் சிபாப் கருவிதான். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் குழு 1981-ல் வெளியிட்டது. காற்றை மெல்லிய அழுத்தத்தில் முகமூடி வழியாகச் செலுத்தித் தொண்டையை உள்ளிருந்தே விரித்து வைப்பது. அழுத்தம் பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அளவு. வேலை செய்கிறதா என்றால், மாட்டிய முதல் ராத்திரியே குறட்டை நிற்கும். பிறகு எதற்கு இத்தனை பேர் அதைப் பெட்டியில் கட்டிப் பரணில் போடுகிறார்கள்? காரணங்கள் சின்னவை, சரிசெய்யக்கூடியவை.

முகமூடியின் அளவு பொருந்தாமல் காற்று கண்ணுக்குள் அடிக்கும். வாரை இறுக்கினால் மூக்கு எலும்பில் புண் வரும். இறுக்குவதை விட அளவை மாற்றுவதுதான் வழி. வாய் திறந்து தூங்குகிறவருக்கு மூக்கு முகமூடி உதவாது, காற்று வாய் வழியே போய் நாக்கு வறண்டு எழுவார்; மோவாய்ப் பட்டையோ வாயையும் மூடும் முகமூடியோ வேண்டும். பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பவருக்குக் கன்னம் ஒடுங்கிக் கசியும். மூக்கடைப்பு இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு அப்படியே தங்கித் தொட்டியில் படியும். கரண்ட் போகிற ஊரில் இன்வெர்ட்டரில் ஓட்டலாம். சூடேற்றும் ஈரப்பதப் பகுதியை அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் தாங்கும். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவர்கள் கவனிக்க: பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் லட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெற்றது. சத்தம் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து காற்றோடு கலந்ததுதான் காரணம். அந்த மாடல்கள் இன்னும் கைமாறக்கூடும்.

எத்தனை மணி நேரம் மாட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2016-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில், ஏற்கனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,700-க்கும் மேற்பட்டவர்களில் சிபாப் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் மறு மாரடைப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ‘சிபாப் வீண்’ என்று செய்தி பரவியது. அவர்கள் அதைச் சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரமே மாட்டியிருந்தார்கள் என்ற வரியைப் பலர் படிக்கவில்லை. கனவு மிகுந்த, தொண்டை மிகவும் தளரும் தூக்கம் விடியற்காலையில்தான் அதிகம் வருகிறது. ஒரு மணிக்குக் கழற்றிவிட்டால் மோசமான பகுதிக்குப் பாதுகாப்பே இல்லை.

இப்போது எல்லாரும் கேட்பது ஊசியைப் பற்றி. டிர்செபடைட் என்னும் எடைக்குறைப்பு மருந்தை வாரம் ஒரு ஊசியாக 52 வாரம் போட்ட சோதனையின் முடிவுகள் 2024 ஜூனில் வந்தன. தொடக்கத்தில் மணிக்கு ஏறத்தாழ 50 தடை இருந்தவர்களுக்கு 25 முதல் 29 வரை குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 5 அளவில்தான். அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கா, பருமனோடு நடுத்தர, கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு இதை அனுமதித்தது. இந்தக் கோளாறுக்கென அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இதுவே. இந்தியச் சந்தைக்கு இந்த மருந்து 2025 மார்ச்சில் வந்தது. நல்ல மருந்துதான். ஆனால் 50-ல் 25 போனால் மீதி 25, அது இன்னும் நடுத்தரக் கோளாறு. பலன் தெரிய மாதங்கள் ஆகும். அதுவரை கருவியைக் கழற்றக் கூடாது. நிறுத்தினால் எடை திரும்பும். தாடை சிறுத்ததால் அடைக்கும் ஒல்லியான ஆளுக்கு இது பயன்படாது.

இதோடு ஒரு சுவையான செய்தி. ஜெய்ப்பூரில் 30 பேரை வைத்து நடத்தி 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வில், தினம் 15 நிமிஷம், வாரம் 5 நாள், ஆறு மாதம் சங்கு ஊதியவர்களுக்கு மணிக்கு நான்கைந்து தடை குறைந்தது. பகல் தூக்கமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. முத்துக்குளித்துறையில் சங்குக்கா பஞ்சம்? தொண்டைத் தசைக்குப் பயிற்சி என்பது நியாயமான காரணமே. ஆனாலும் 30 பேர் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. லேசான கோளாறுக்காரர் ஊதிப் பார்க்கலாம். மணிக்கு 40 தடை உள்ளவர் சங்கை நம்பிக் கருவியைத் தள்ளிவைக்கக் கூடாது. மல்லாந்து படுக்கும்போது மட்டும் அடைப்பவர்களுக்குப் பக்கவாட்டில் படுப்பதே பாதிச் சிகிச்சை.

படுத்ததும் உளையும் கால்

இது அதிகம் பேசப்படாத கோளாறு, ஆனால் மலிவாகத் தீரக்கூடியது. படுத்ததும் காலுக்குள் என்னவோ ஊர்வதும் குடைவதுமாக இருக்கும். அசைத்தால் சுகம், எழுந்து நாலு எட்டு நடந்தால் போய்விடும், படுத்தால் திரும்ப வரும். சாயங்காலத்துக்கு மேல்தான் வரும், பகலில் இருக்காது. இந்த நான்கும் பொருந்தினால் அது நரம்புத் தளர்ச்சியும் அல்ல, வெறும் அலுப்பும் அல்ல. ஓயாக் கால் கோளாறு. சர்க்கரை நோயின் பாத எரிச்சல் இப்படி நடந்தால் தீராது. கெண்டைக்கால் சதை பிடிப்பதில் சதை கல்லாக இறுகும். இதில் இரண்டும் இல்லை.

மூளையில் இரும்புச்சத்து குறைவதோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. பார்க்க வேண்டிய ரத்தப் பரிசோதனை ஹீமோகுளோபின் மட்டுமல்ல, உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டினும். இங்கேதான் தவறு நடக்கிறது. ஆய்வகத் தாளில் பெரிட்டின் 20 என்று வந்தாலும் ‘இயல்பு’ என்றே அச்சாகியிருக்கும். இந்தக் கோளாறுக்கு அந்த அளவு போதாது. 75 வரை இருந்தாலும் இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்பது வல்லுநர் வழிகாட்டல். தமிழ்நாட்டில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருக்கும்போது, மாலையில் பீடித் தட்டை இறக்கிவைத்ததும் கால் உளைகிறது என்பவருக்கு முதலில் எழுத வேண்டியது பெரிட்டின் பரிசோதனை.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறோடு, ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தாலும் உடல் நன்றாகவே ஏற்கும். டீயோடு எடுத்தால் வீண். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் உணவிலிருக்கும் இரும்பையும் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். பெரிட்டின் ஏற மூன்று மாதம் பிடிக்கும். ஆண்களுக்கும் வயதானவர்களுக்கும் இரும்பு குறைந்திருந்தால், எங்கே ரத்தம் கசிகிறது என்று வயிறு குடலைப் பார்க்காமல் மாத்திரை மட்டும் கொடுக்கக் கூடாது.

சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகள், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, மனச்சோர்வு மருந்துகள் சில, இந்தக் குடைச்சலைக் கூட்டும். 2025 ஜனவரியில் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் தன் வழிகாட்டலையே மாற்றியது. நெடுங்காலம் முதல் மருந்தாக இருந்த பிரமிபெக்சோல், ரோபினிரோல் வகையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றது. முதலில் நன்றாகக் கேட்கும். வருஷங்கள் போகப் போக உளைச்சல் சாயங்காலத்திலிருந்து மத்தியானத்துக்கு முன்னேறி, கைக்கும் பரவும். அளவைக் கூட்டக் கூட்ட மோசமாகும். அதற்குப் பதில் காபபென்டின், பிரிகாபலின், தேவைப்பட்டோருக்கு ரத்தநாளத்தில் ஏற்றும் இரும்பு. பழைய சீட்டையே காட்டி மருந்து வாங்கிக்கொண்டிருப்பவர்கள் மருத்துவரிடம் இதைக் கேட்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது.

கடிகாரம் புரண்டவர்கள்

நயினார்குளம் மார்க்கெட்டில் நள்ளிரவில் மூட்டை இறக்குபவர், தூத்துக்குடி உப்பளத்துக்கு விடியுமுன் போகிறவர், உவரியிலும் இடிந்தகரையிலும் இருட்டோடு வள்ளம் தள்ளுபவர், ஆஸ்பத்திரி நைட் டூட்டி நர்ஸ்: இவர்களுக்குத் தூக்கம் வராததில்லை, வரவேண்டிய நேரத்தில் உடல் அதை அனுமதிப்பதில்லை. மூளையின் அடியில் இருக்கும் கடிகாரம் கண்ணில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தே மணி வைக்கிறது. அதன் மூலக்கூறு இயக்கத்தைக் கண்டதற்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நைட் டூட்டி முடிந்து காலை எட்டு மணி வெயிலில் பைக் ஓட்டி வரும்போது, கடிகாரத்துக்குப் ‘பகல் தொடங்கியாச்சு’ என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

செய்யக்கூடியது இது. டூட்டிக்கு முன் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுப் போவது. காபியை டூட்டியின் முதல் பாதியோடு நிறுத்துவது. திரும்பும்போது கறுப்புக் கண்ணாடி. ஆனால் கண் சொக்கினால் கண்ணாடியும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். வந்ததும் ஜன்னலுக்குக் கனமான துணி. நடுராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்ப்பது இவற்றில் புதிதாகச் சேர்ந்தது. 2021-ல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில் செயற்கையாக இரவு வேலை செய்யவைத்துப் பார்த்தபோது, ராத்திரி சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை 6.4 சதவீதம் ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. 19 பேர்தான், ஆனாலும் ராத்திரி புரோட்டா சால்னா நடக்கும் நம் ஊருக்கு இது சிந்திக்க வேண்டிய சேதி. இரவு வேலையை உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லும் மறுபடி 2019-லும் ‘புற்றுநோய் வரவைக்கக்கூடும்’ என்ற பட்டியலில் வைத்தது.

இரவு வேலை இல்லாதவர்களும் கவனிக்க வேண்டிய ஒரு கண்டுபிடிப்பு உண்டு. பிரிட்டனில் 60,000 பேருக்கு மேல் மணிக்கட்டில் அசைவுக் கருவி கட்டிப் பார்த்ததில், எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்பதைவிட, தினமும் ஒரே நேரத்தில் தூங்கி எழுந்தார்களா என்பது ஆயுளோடு அதிகம் ஒத்துப்போனது. இது தொடர்புதான், காரணம் என்று நிரூபணமாகவில்லை. நோயாளிகளின் தூக்கம் நோயாலேயே ஒழுங்கு தவறும். ஆனாலும் காலை ஐந்து மணி டியூஷனுக்கு ஆறு நாள் எழுப்பிவிட்டு ஞாயிறு பத்து மணி வரை பிள்ளையைத் தூங்கவிடும் பாளையங்கோட்டை வீடுகள், பிள்ளைக்கு வாராவாரம் வேறு நாட்டுக்குப் போய்வந்த குழப்பத்தைத்தான் கொடுக்கின்றன. பதின்பருவத்துக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும்.

ஆச்சியின் கணக்கு

எட்டரைக்குப் படுத்து இரண்டரைக்கு விழித்தால் ஆறு மணி நேரம் ஆகிவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் சாய்ந்திருந்தால் ஏழரை. 65 வயதுக்கு மேல் 7 முதல் 8 மணி நேரம் போதும். வயதாக ஆகக் கடிகாரம் முன்னால் நகர்வது இயற்கை. பகல் தூக்கத்தை அரைமணியாக்கி, இரவு பத்து வரை வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாலே விழிப்பு நாலு மணிக்குப் போகும். இதைச் சொல்லாமல் மாத்திரை கொடுத்தால், இருட்டில் எழுந்து போகும்போது தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் முடியும்.

உண்மையான தூக்கமின்மை வேறு: வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதத்துக்கு மேல், படுக்க நேரமிருந்தும் தூக்கம் வராமல், பகலும் கெடுவது. இதற்கு அமெரிக்க மருத்துவர் கழகம் 2016-லிருந்து முதல் சிகிச்சையாகச் சொல்வது மருந்தை அல்ல, ஒரு பயிற்சி முறையை. அதன் நடுநாயகம் படுக்கை நேரத்தைக் குறைப்பது. கேட்க விபரீதமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்: எப்போது படுத்தேன், ஏறத்தாழ எப்போது தூங்கினேன், எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், எப்போது எழுந்தேன். ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுபவர் சராசரி ஐந்தரை மணி நேரம் தூங்குகிறார் என்று வையுங்கள். ஒன்பது மணி நேரத்தில் ஐந்தரை, அதாவது 61 சதவீதம். இனி அவருக்குப் படுக்கை ஐந்தரை மணி நேரம்தான்: எழுவது ஐந்து மணி என்று அறுதியாக வைத்தால், படுப்பது பதினொன்றரை. ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாருக்கும் போகக் கூடாது. முதல் வாரம் பகலில் கண் எரியும். அந்தத் தூக்கப் பசிதான் மருந்து. வாரக் கடைசியில் கணக்குப் போட்டு, படுக்கை நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்கியிருந்தால் 15 நிமிஷம் முன்னால் படுக்கலாம். வாராவாரம் இப்படியே. பெரும்பாலோர் இரண்டாம் வாரம் வெற்றி பெற்றதும் பழையபடி ஒன்பதுக்குப் படுத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். வண்டி ஓட்டுகிறவர், வலிப்பு உள்ளவர், இருமுனை மனநோய் உள்ளவர் இதை மருத்துவர் துணையில்லாமல் செய்யக் கூடாது. மூச்சுத்தடை இருக்கிறவர் முதலில் அதைத் தீர்க்க வேண்டும்.

அதோடு சேர்ந்தது இன்னொன்று: ஏறத்தாழ இருபது நிமிஷம் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, சொக்கினால்தான் திரும்புவது. ‘வேறு அறைக்குப் போங்கள்’ என்று புத்தகங்கள் சொல்லும். ஒற்றை அறை வீட்டில் எங்கே போவது? பத்தமடைப் பாய் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விழித்திருக்கும்போது உட்கார அது, தூங்க மட்டும் படுக்கை. படுக்கை என்றாலே புரளும் இடம் என்று மூளை பழகியதை மாற்றுவதே நோக்கம், சுவர் முக்கியமில்லை. போனை மட்டும் அந்தப் பாய்க்குக் கொண்டுபோக வேண்டாம்.

காபியைப் பற்றி: படுக்க ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காபீன் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்ததை 2013 ஆய்வு ஒன்று அளந்தது. நாம் குடிக்கும் டம்ளரில் அவ்வளவு இருக்காது, ஆனால் சாயங்காலம் இரண்டு மூன்று டம்ளர் உள்ளே போகிறதே. கருப்பட்டிக் காபி சீனியை மாற்றுகிறதே ஒழிய காபீனை அல்ல. காபித்தூள் சேராத சுக்கு மல்லிக்கு இந்தக் கவலை இல்லை.

புதிய மருந்துகள் வேறு வழியில் போகின்றன. 1998-ல் கண்டுபிடித்த ஓரெக்சின் என்னும் மூளை வேதிப்பொருள் நம்மை விழிப்பில் நிறுத்துகிறது. அதைத் தடுக்கும் தூக்க மாத்திரைகள் 2014 முதல் அமெரிக்காவில் வந்தன. அல்ப்ரசோலம் வகை போல மூளை முழுவதையும் அமுக்காமல் விழிப்பை மட்டும் அணைப்பவை. இதே பொருள் மூளையில் அற்றுப்போனால் நார்கொலெப்சி. பேச்சுக்கு நடுவே தூக்கம் வந்து தாக்கும், வாய்விட்டுச் சிரித்தால் முட்டி மடங்கிச் சரிவார்கள். வலிப்பு என்று மருந்து சாப்பிடுகிறவர்களும் கோயிலில் வேப்பிலை அடிக்கப்படுகிறவர்களும் இதில் உண்டு. ஓரெக்சினைப் போலவே வேலை செய்யும் ஓவெபொரெக்ஸ்டன் என்ற மாத்திரையின் நல்ல முடிவுகள் 2025-ல் வந்தன. குறையை நேரே நிரப்பும் மருந்து இந்த நோய்க்கு இதுவரை இருந்ததில்லை. விழித்தும் கை கால் அசையாமல் நெஞ்சில் யாரோ உட்கார்ந்திருப்பது போலத் தோன்றும் அமுக்குவான் பேயும் இந்தக் குடும்பந்தான், ஆனால் தனியாக வந்தால் நோயல்ல: கனவின்போது தசைகளை அணைத்து வைக்கும் சுவிட்சு, கண் திறந்த பிறகும் சில வினாடி அணைந்தே இருக்கிறது. தூக்கம் குறைந்த நாட்களிலும் மல்லாந்து படுத்தாலும் அதிகம் வரும்.

சித்திரை வைகாசி ராத்திரி

தூக்கம் பிடிக்க உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி இறங்க வேண்டும். அந்தச் சூடு கை, கால் தோல் வழியாக வெளியேறுகிறது. 68 நாடுகளில் 47,000 பேரின் கைப்பட்டைத் தரவைப் பார்த்த 2022 ஆய்வில், 30 டிகிரிக்கு மேல் போன ராத்திரிகளில் தூக்கம் சராசரி 14 நிமிஷம் குறைந்தது. முதியவர்களுக்கும் ஏழை நாட்டவர்க்கும் இழப்பு அதிகம். கான்கிரீட் கூரை பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணிக்கு நம் தலைமேல் இறக்குகிறது. தட்டட்டியில் பொழுது சாயும்போது தண்ணீர் தெளிப்பதும் வெள்ளையடிப்பதும் உண்மையாகவே பலன் தருபவை. நுரை மெத்தை முதுகுச் சூட்டை விடாது. கோடையில் பாய் மேல். படுக்கப் போகிற நேரத்தில் குளிர்ந்த தண்ணீரில் குளித்தால் தோலின் ரத்தநாளம் சுருங்கிச் சூடு உள்ளேயே நிற்கும். ஒரு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது நல்லது.

செய்திகளைப் படிக்கும்போது

2025 நவம்பரில் அமெரிக்க இதய மாநாட்டில், ஓராண்டுக்கு மேல் மெலடோனின் என்னும் தூக்க ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு இதயச் செயலிழப்பு அதிகம் என்று ஒரு கணக்கு வாசிக்கப்பட்டது: 4.6 சதவீதம், எடுக்காதவர்களில் 2.7. அது மருத்துவப் பதிவேடுகளைப் பார்த்த கணக்கு. தூங்க முடியாதவர்தான் மெலடோனின் எடுக்கிறார். தூங்க முடியாதவர்களில் இதயம் கெட்டவர்களும் அதிகம். பயப்பட இது போதாது. ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மெலடோனின் பெரிதாக உதவுவதும் இல்லை. ‘தூங்கும்போது மூளை கழுவப்படுகிறது’ என்பதும் அப்படித்தான்: எலிகளில் 2013-ல் கண்டது, எலிகளிலேயே 2024-ல் இன்னொரு குழு நேர்மாறாகக் கண்டது. சண்டை முடியவில்லை.

ஏற்கனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு

மாதக்கணக்காக அல்ப்ரசோலமோ அதே வகையான குளோனசெபமோ எடுப்பவர் இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே நிறுத்தக் கூடாது. வலிப்பு வரைக்கும் போகலாம். 2025-ல் வந்த அமெரிக்க வழிகாட்டல், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்று குறைக்கச் சொல்கிறது. எவ்வளவு அவசரமானாலும் இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் இரண்டு மூன்று ராத்திரி தூக்கம் கெடும். அது மருந்து விலகும் அறிகுறி. பழைய நோய் திரும்பிவிட்டது என்று எண்ணி அளவைக் கூட்டுவதில்தான் பலர் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். மருத்துவரிடம் போகும்போது ஒரு வார நோட்டு, எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள், ராத்திரி இரண்டு மணிக்கு மேல் வீட்டார் எடுத்த இரண்டு நிமிஷக் குறட்டை வீடியோ ஆகிய மூன்றையும் கொண்டுபோங்கள். வீடியோவில் முகம் மட்டும் போதாது, நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும்.